அரைக் கார் நீளம்

மூன்று முறையும் அரைக் கார் நீளம். ஒரு முறை என்றால் விட்டுவிடலாம். தனசீலன் கொஞ்சம் தாமதமாக மிதித்திருப்பான், ஞாயிற்றுக்கிழமை காலை, தூக்கம் தெளிந்திருக்காது. இரண்டாவது ஓட்டத்திலும் அதே அரைக் கார் நீளம். மூன்றாவதிலும் அதே. அருணகிரி எல்லைக்கோட்டைத் தாண்டி வேகத்தைக் குறைத்து, தடத்தின் கடைசியில் வண்டியைத் திருப்பி, மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து தகரக் கொட்டகையின் நிழலில் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. டர்போ வைத்த வண்டியை விரட்டி முடித்த கையோடு அணைக்கக் கூடாது, ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். இறங்காமல் உட்கார்ந்திருக்க அது ஒரு சாக்கு. பக்கத்தில் வெள்ளைக் கார் வந்து நின்றது. தனசீலன் கண்ணாடியை இறக்கி, “மச்சான், உங்க கிழவி இன்னிக்குக் கெட்ட ஆட்டம் ஆடறாளுங்! எனக்கு அவ பின்பக்கந்தான் தெரிஞ்சுது!” என்று கத்தினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் சரியில்லை. தோற்றவன் இப்படிச் சிரிப்பானா? அதுவும் இவன்? அருணகிரி சிரித்துக் கையை ஆட்டினார். ஆட்டிய கையை அப்படியே கழுத்துக்குக் கொண்டுபோனார். வலது பக்கம், காதுக்குக் கீழே, சீட் பெல்ட் உரசுகிற இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு அது இருந்தது. அழுத்தினால் வலி இல்லை. வலி இல்லாததுதான் நல்லதா கெட்டதா என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. பட்டறையில் முப்பது வருஷமாகப் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைகிறவர் அவர். பிசகு என்பது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். இன்றைக்கு இரண்டு மைக்ரான் கூடும், நாளைக்கு மூன்று மைக்ரான் குறையும். மூன்று ஷாஃப்டிலும் ஒரே அளவு பிசகு வந்தால் அது பிசகு இல்லை. யாரோ அப்படி செட்டிங் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெள்ளைக் கார் தனசீலன் சித்திரையில் வாங்கியது. பெட்ரோலும் குடிக்கும், ராத்திரி வீட்டுச் சுவரில் செருகிவிட்டால் கரண்டும் குடிக்கும். அருணகிரி அதை மிக்ஸி என்றுதான் சொல்லுவார். “உன் மிக்ஸியில சட்னி அரைச்சாச்சா மாப்ள?” அவருடையது நீல நிறம், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், இரண்டாம் கை, ஆனால் பந்தய வண்டியின் ரத்தம். அவர் மனைவி சுலோச்சனா அதன் மேல் கொண்ட வெறுப்புக்கு அளவே இல்லை. அவளுடைய தம்பி தனசீலன்தான் இந்தப் பந்தய யோசனையைக் கிளப்பினான். ஊருக்கு வெளியே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் பந்தயத் தடத்தின் நேர்பாதையை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். நானூறு மீட்டர் ஓட்டம், மிச்சம் நிற்பதற்கு. இரண்டு ஞாயிறுக்கு முன்னால் முதல் தடவை வந்தார்கள். அதற்கு முந்தின ராத்திரி அருணகிரி உட்கார்ந்து தாளில் கணக்குப் போட்டிருந்தார். கரண்டு மோட்டாருக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை. மிதித்த கணத்தில் அதன் முழு பலமும் சக்கரத்தில் இருக்கும். பெட்ரோல் என்ஜின் சுற்று ஏறி, டர்போ காற்றை இழுத்து, அப்புறம்தான் சீறும். ஆகையால் நூறு கிலோமீட்டர் வேகம் வரைக்கும் மிக்ஸிதான் முன்னால். ஆனால் அது இரண்டு டன்னுக்கு மேல் கனம், பேட்டரியைச் சுமக்கிறது. நூற்றிருபதுக்கு மேல் அவருடைய வண்டி எட்டிப் பிடிக்க ஆரம்பிக்கும். பிடித்துவிடுமா என்பதுதான் கேள்வி. அன்றைக்குக் கணக்கில் போட்ட மாதிரியே நடந்தது. பாதித் தூரத்தில் வெள்ளை அடித்த டயர் ஒன்று ஓரமாகக் கிடக்கிறது, அந்த இடத்தில் தனசீலன் ஒன்றரைக் கார் நீளம் முன்னால் இருந்தான். எல்லையில் கால் கார் நீளத்தில் ஜெயித்தான். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னான். அதுதான் தனசீலன். அதே வண்டி, அதே தடம், அதே காலை நேரம். இன்றைக்கு அந்த வெள்ளை டயரைத் தாண்டும்போது அது அவருக்குப் பின்னால் இருந்தது, மூன்று முறையும்.

காற்று காரணமாக இருக்கலாம். காற்று இரண்டு வண்டிக்கும் ஒன்றுதானே. டயர் சூடாகாமல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் மூன்றாவது ஓட்டத்தில் சரியாகியிருக்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் அவனே சொன்னான், “சார்ஜ் கம்மிங் மச்சான், ராத்திரி செருக மறந்துட்டன்.” அதை அப்போது அவர் நம்பினார். நம்பிக்கொண்டே இரண்டாவது ஓட்டத்துக்குக் கோட்டில் போய் நின்றபோது பக்கத்து வண்டியிலிருந்து சத்தமே வரவில்லை என்பது காதில் விழுந்தது. சத்தம் வராதது காதில் விழுமா? அவருக்கு விழும். பேட்டரி தீர்ந்திருந்தால் அதன் என்ஜின் தானாகவே முழித்துக்கொண்டு நிற்கும்போதே முனகிக்கொண்டிருக்கும். அது முனகவில்லை. ஒரு ஈ பறந்தால் கேட்கும், அப்படி நின்றது. தடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியசாமி சிவப்புத் துண்டை இறக்கியதும் இரண்டும் கிளம்பின. வெள்ளை, பரிசம் போட வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்துதான் கிளம்பியது. மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் ஆரோக்கியசாமியே சொல்லிவிட்டார், “என்னங்க சார், வெள்ளை வண்டி இன்னிக்கு வெரதமுங்களா?” தனசீலன் அதற்கும் சிரித்தான். அருணகிரிக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் சிறுவாணி ரோட்டில் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் போட்டி போட்டார்கள், அப்போது தனசீலனுக்குப் பதினெட்டு வயது. லாரி ஒன்று எதிரே வந்தது, அப்பவும் முறுக்கிய கையைத் தளர்த்தவில்லை அவன். ஆறு வயது மகளைக் கேரம் போர்டில் ஜெயித்து அழவைத்தவன். “தோத்துப் பழகட்டுங் மச்சான்” என்றான். அந்த மனுசன் ஏன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்குகிறான்? யாருக்காக ஒருவன் காலைத் தூக்குவான்? குழந்தைக்காகக்கூட அவன் தூக்கியதில்லை. குழந்தைக்கு வேறு, நாளைக்கு ஜெயித்துக்கொள்ளும். நாளைக்கு என்று ஒன்று இல்லாதவனுக்கு வேண்டுமானால்.

அந்த இடத்தில் அருணகிரியின் யோசனை நின்றது. நின்றதை அவரே பார்த்தார். ரேடியேட்டர் விசிறி மட்டும் பெரிய மூச்சாக விட்டுக்கொண்டிருந்தது. கருகிய ரப்பர் வாசனை, அதற்குள் எங்கிருந்தோ தென்னம்பாளை வாசனை. சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவர் நீங்கள் என்று சுலோச்சனா சொல்லுவாள். உண்மைதான். ஒரு ஆள் நல்ல வார்த்தை சொன்னால் அதைத் திருப்பிப் போட்டு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற புத்தி. ஜெயித்ததைக்கூட ஜெயித்ததாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம். வைத்துக்கொள்ளலாம் என்றே முயற்சி செய்தார். இன்றைக்கு நான் நன்றாக ஓட்டினேன், கியர் விழுந்த இடங்கள் கச்சிதம், ஐம்பத்தைந்து வயதில் இது பெரிய காரியம். இல்லை. ஒட்டவில்லை. ஏனென்றால் வியாழக்கிழமை என்று ஒன்று இருந்தது. போன வாரம் கழுத்தில் ஊசி குத்தி, அப்புறம் சின்னதாகக் கீறிச் சதை எடுத்தார்கள். டாக்டர் கீர்த்திவாசன் தனசீலனோடு படித்தவர். வியாழக்கிழமை ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வரத் தனசீலனே போனான். “நான் போறனுங் மச்சான், நீங்க எதுக்கு அலையறீங்க.” வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னான், “ஒண்ணுமில்லீங். சும்மா நெறி கட்டியிருக்குதாம். சளிப் பிடிச்சா வருமில்லீங்களா, அதான்.” ரிப்போர்ட் எங்கேடா என்றார். “கார்ல இருக்குதுங், அப்புறம் தர்றன்.” அந்த அப்புறம் வெள்ளியும் வரவில்லை, சனியும் வரவில்லை. வியாழன் சாயங்காலமே சுலோச்சனா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசினாள். தண்ணீர் ஒரே தாரையாக விழுந்துகொண்டிருந்தது, குளிக்கிறவள் அப்படியா விடுவாள், இடையில் ஒரு சொம்பு மொள்ளுகிற சத்தம் வேண்டாமா. மறுநாள் வெல்லப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டாள். நாலு வருஷமாக அவருடைய காப்பியில் சர்க்கரையை எண்ணிப் போடுகிறவள், தட்டில் இரண்டு ஒப்புட்டை வைத்து மேலே நெய்யும் ஊற்றி, “சாப்பிடுங்க, ஒரு நாளைக்கு என்ன ஆகிறப் போகுது” என்றாள். புனேயில் இருக்கிற மகன் பிரணவ் தினமும் கூப்பிடுகிறான். என்ன சாப்பிட்டீங்க, தூங்கினீங்களா. அவன் அப்படிக் கேட்கிற பிள்ளையே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறானாம், லீவு கிடைத்ததாம், என்ன லீவு என்றால் சும்மா லீவுதாம்ப்பா என்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். அவரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், இன்று காலை ஆறரை மணிக்கு அந்தச் சிவப்புத் துண்டு இறங்குகிற வரைக்கும். ஒப்புட்டைச் சமாளிக்கலாம். குழாயைச் சமாளிக்கலாம். தனசீலன் தோற்பதை எப்படிச் சமாளிப்பது?

அதுவும் அவருக்குத் தெரியாத வேலையா இது. அவரே செய்ததுதானே. அப்பாவுக்கு வயிற்றில் புற்று வந்தபோது வயித்துப்புண் என்று வீடே சேர்ந்து சொன்னது. டாக்டர், அம்மா, தங்கை, எல்லாருக்கும் தெரியும், அப்பா ஒருத்தரைத் தவிர. அருணகிரி தினமும் மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அப்பாவோடு சீட்டு விளையாடினார். ரம்மி. ஜோக்கரைக் கீழே போடுவார், வீட்டு ஆட்டத்தில் அதை எடுக்கலாம். அப்பா எடுத்துக்கொள்வார். கையில் சேர்ந்துவிட்ட வரிசையைப் பிரித்து அப்பாவுக்கு வேண்டிய சீட்டை இறக்குவார். அப்பா ஜெயித்து, ஜெயித்து, ஒரு நாள் அவர் போட்ட ஜோக்கரைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு அதை எடுத்துக் கையில் சொருகிக்கொண்டார். அந்தப் பார்வையை அருணகிரி இருபத்திரண்டு வருஷமாக என்னவென்று முடிவு செய்யாமல் வைத்திருக்கிறார். அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் குடும்பத்தில் பேச்சு. கடைசி வரைக்கும் நிம்மதியா இருந்தாருங்க, ஒண்ணுமே தெரியாதுங்க அவருக்கு. தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தால் அந்த நாலு மாதமும் கட்டிலில் படுத்துக்கொண்டு யாரோடு பேசினார்? யாரிடமும் பேச முடியாதபடி எல்லாரும் சேர்ந்து அவரை ஜெயிக்கவிட்டார்களே. அருணகிரிக்குக் கழுத்து வியர்த்தது. புளியங்கொட்டை மேல் விரல் வழுக்கியது. இது தப்பாகவும் இருக்கலாம், எல்லாமே தப்பாக இருக்கலாம், ஒரு காரின் வேகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுசன் இவ்வளவு தூரம் போகலாமா. போகக் கூடாதுதான். என்ஜினை அணைத்தார். சூடான இரும்பு சுருங்குகிற டிக், டிக் சத்தம் ஆரம்பித்தது.

தனசீலன் ஆரோக்கியசாமியோடு பேசிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகம் கழுவப் போயிருந்தான். வெள்ளைக் காரின் கதவு திறந்தே கிடந்தது. அருணகிரி இறங்கி, சும்மா நடக்கிற மாதிரி நடந்து, அதில் ஏறி உட்கார்ந்தார். கண்ணுக்கு நேரே பேட்டரி எண் எரிந்துகொண்டிருந்தது. எண்பத்து நாலு. மூன்று முறை விரட்டிய பிறகும் எண்பத்து நாலு. ராத்திரி முழுக்கச் செருகியிருக்கிறான். அவர் கண் அதிலிருந்து நகர்ந்து, இடது பக்கம், டாஷ்போர்டின் சின்னக் கதவுக்குப் போயிற்று. கார்ல இருக்குதுங் என்றானே, அந்தக் கார் இதுதான். கையை நீட்டினால் எட்டும். கையும் நீண்டது. பிடியில் விரல் பட்டது. உள்ளே காகிதம் இருந்தால் அதில் இங்கிலீஷில் நீளமாக ஒரு வார்த்தை இருக்கும், அதை அவர் எழுத்துக்கூட்டுவார், அதற்கு அர்த்தம் தேடுவார், போனில் பார்ப்பார், பார்க்கப் பார்க்க அது பெருகும். காகிதத்திடம் ஒன்றும் கேட்க முடியாது. அதற்கு முகம் கிடையாது. ஒரு மனுசன் சொல்ல வேண்டும். தெரிந்த மனுசன். கையை எடுத்துக்கொண்டார். பயந்துதான் எடுத்துக்கொண்டேனோ என்று அந்த நேரத்திலும் ஒரு சந்தேகம் வந்தது.

“என்னங்க மச்சான், வண்டிய மாத்திக்கலாம்னு பாக்கறீங்களா?” தனசீலன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றான்.

“உன் மிக்ஸிக்கு சார்ஜ் இல்லைன்னியே மாப்ள. எம்பத்து நாலு காட்டுது.”

“அதுங்களா? அது சும்மா தப்பாக் காட்டுமுங். கம்பெனில சொல்லோணும்.” துடைத்த முகத்தையே திரும்பத் துடைத்தான். “வெயில் ஏறுது, போலாமுங்க. அக்கா இட்லி ஊத்தி வெச்சிருப்பா.”

“இன்னொரு ஓட்டம் ஓட்டிட்டுப் போலாம்.”

“போதுமுங் மச்சான். மூணு தடவ தோத்தாச்சு. இதுக்கு மேல தோத்தா ஊருக்குள்ள தலை காட்ட முடியாதுங்.”

அருணகிரி இறங்கினார். இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. “தனா, உங்கக்கா உன்கிட்ட சத்தியம் வாங்கியிருப்பா. நீ பேச வேண்டாம். அவளுக்குக் குடுத்த வாக்கு அப்படியே இருக்கட்டும். இப்ப ஒரே ஒரு ஓட்டம். ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைன்னா இத்தனை நேரம் விட்ட மாதிரியே விடு, நான் முன்னால போயிடறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், நம்பிக்கறேன். இருக்குதுன்னா, முழுசா மிதி.”

தனசீலன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்று, வாய் மட்டும் திறந்திருந்தது. “என்னங்க மச்சான் இது, வெளையாட்டா...” அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் தன் வண்டிக்கு நடந்தார். பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும். பார்க்க மனம் வரவில்லை.

கோட்டில் போய் நின்றார். பக்கத்தில் வெள்ளைக் கார் வர வெகுநேரம் ஆயிற்று, அல்லது அப்படித் தோன்றியது. வந்தது. நின்றது. முனகவில்லை. ஆரோக்கியசாமி எதிரே நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறினார். அருணகிரி இடது காலால் பிரேக்கை அழுத்தி வலது காலைக் கொஞ்சம் இறக்கினார், வண்டி கயிற்றில் கட்டிய காளை மாதிரி முன்னுக்கு முட்டியது. இவ்வளவு நேரமும் தன்னை ஜெயிக்கவிட்டதற்காக அவனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. இப்போது வேறொன்று. ஜெயிக்க வேண்டும். என்னை விட்டுவிடு. அரைக் கார் நீளம் போதும், கால் போதும், ஒரு சாண் போதும், தனா, காலைத் தூக்கு, நான் நம்பிவிடுகிறேன், ஏமாந்ததாக யாரிடமும் சொல்ல மாட்டேன், ஒப்புட்டு தின்றுகொண்டு இருந்துவிடுகிறேன், வெள்ளிக்கிழமை பிரணவ் வரட்டும், சும்மா லீவுதான். ஒருவேளை நிஜமாகவே ஒன்றும் இல்லாமல் இருக்கும். ஒருவேளை இவன் வயதாகித் திருந்தியிருப்பான். மனுசன் திருந்த மாட்டானா. துண்டு மேலே இருந்தது. தூரத்தில் எங்கோ மயில் ஒன்று அகவிக்கொண்டிருந்தது, அது நிற்கட்டும் என்று ஆரோக்கியசாமி காத்திருக்கிற மாதிரி இருந்தது. துண்டு இறங்கியது.

மிதித்தார். ஆயுளில் இப்படி மிதித்ததில்லை. முதுகு சீட்டில் அறைந்தது, பின்சக்கரங்கள் ஒரு கணம் வழுக்கிப் பிடித்தன, முதல் சில கஜம் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில், கண்ணாடிக்குக் கண்ணாடி, ஓரக்கண்ணில் வெள்ளை அசையாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. தூக்கு. இப்பத் தூக்கு. வெள்ளை கொஞ்சம் பின்னால் போன மாதிரிகூட இருந்தது. அப்புறம் அது முன்னால் போயிற்று. யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிய மாதிரி, சத்தமே இல்லாமல், அவருடைய என்ஜினின் கத்தலுக்கு நடுவே ஒரு மௌனம் நழுவிப்போவது மாதிரி, அதன் முன்கதவு போயிற்று, பின்கதவு போயிற்று, பின்விளக்கு அவர் முன்னால் வந்து சிவப்பாக நின்றது. அதற்கப்புறம்தான் அதன் என்ஜின் முழித்து உறுமியது. வெள்ளை டயரைத் தாண்டும்போது நடுவில் இன்னொரு கார் நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. அவர் காலைத் தூக்கவில்லை. நூற்றிருபது, நூற்று நாற்பது, அவருடைய வண்டி எட்டிப் பிடிக்க ஆரம்பித்தது, கணக்கில் போட்ட மாதிரியே. அவன் தூக்கிவிட்டானோ என்று இந்த முறை அவருக்குத் தோன்றவில்லை. தூக்கவில்லை. அந்தக் கால் அடிவரைக்கும் இறங்கியிருக்கிறது என்று தன் கால் மாதிரி தெரிந்தது. மூன்று நாளாக எல்லாரும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதில், ஒருத்தன் மட்டும் இப்போது அவரோடு ஓடிக்கொண்டிருந்தான்.

எல்லைக்கோட்டை வெள்ளைதான் முதலில் தாண்டியது. தடத்தின் கடைசியில் போய் அது கோணலாக நின்றது. தனசீலன் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு, வேலிப் பக்கம் நின்றிருந்தான். தோள் குலுங்கியது. அருணகிரி போய்ப் பக்கத்தில் நின்றார். வேலிக்கு அப்பால் தென்னைகளுக்கு யாரோ சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

“மருந்து இருக்குதா?” என்றார்.

“இருக்குதுங். இருக்குதுங் மச்சான். ஆறு தடவ ஏத்தோணுமாம். கீர்த்தி அடிச்சுச் சொல்றான், இதுல நெறையப் பேர் பொழைச்சுக்கறாங்கன்னு. உங்ககிட்டச் சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு அக்காதான்...” அவனால் முடிக்க முடியவில்லை. “நான் சொல்லலீங். நான் ஒரு வார்த்தை சொல்லலீங்.”

“நீ சொல்லல” என்றார் அருணகிரி. “நாளைக்கு என்னைக் கீர்த்திகிட்டக் கூட்டிட்டுப் போ. நானே கேட்டுக்கறேன். உங்கக்காளுக்கு இது தெரிய வேண்டாம், சித்த நாளைக்கு. அவ என்னைக் காப்பாத்திட்டிருக்கறதா நெனைச்சிட்டிருக்கா. அந்த நெனப்ப இப்பவே புடுங்க வேண்டாம்.”

தனசீலன் தலையாட்டினான். அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. சுலோச்சனா.

“ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? இட்லி ஆறுது.” பின்னால் குக்கர் விசில் அடித்தது. அது ஓயும் வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம், ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போல, “யாருங்க ஜெயிச்சது?” என்றாள்.

“நான்தான்” என்றார்.

“அப்படீங்களா!” என்றாள். அந்தக் குரலில் எத்தனை நாள் அடக்கிவைத்த மூச்சு இருந்தது என்று அவருக்குக் கேட்டது. “நல்லாச் சொல்லுங்க அவன்கிட்ட. எப்பப் பாரு அலட்டிக்குவான்.”

“சொல்லிட்டேன்” என்றார் அருணகிரி. “பக்கத்துலதான் நிக்கறான். மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான்.”